மறதி நோய் நேர்காணல்களை வன்னியில் நாடகமாக்குவது எப்படி?

கேள்வி இதுதான். வவுனியாவில் இருக்கும் ஒரு சிறிய நாடகக் குழுவிடம் ஓர் ஆய்வுக்காக எடுத்த நேர்காணல்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரு பகுதி, மறதி நோய் (டிமென்ஷியா) வந்த தாய் தகப்பனைத் தாய்லாந்தின் சியாங் மாய் பக்கத்துப் பராமரிப்பு இல்லங்களில் விட்டிருக்கும் ஐரோப்பியக் குடும்பங்களும் அந்த இல்லங்களில் வேலை செய்பவர்களும் சொன்னவை. மற்றப் பகுதி, கிளிநொச்சி, முல்லைத்தீவு வீடுகளில் அதே நோயோடு இருக்கும் முதியவர்களைப் பார்ப்பவர்களும், கனடாவிலும் சுவிஸிலும் இருந்து காசு அனுப்பும் பிள்ளைகளும் சொன்னவை. இதை ஒரு மணி நேர நாடகமாக்கி வன்னிக் கிராமங்களில் போட முடியுமா, எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் 'பிள்ளைகள் கைவிட்ட பெற்றோர்' கதையாக மட்டும் போடாதீர்கள். எங்கள் சனம் அந்தக் கதையை நன்றாக அறியும். யாழ்ப்பாண நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'எந்தையும் தாயும்' நாடகம் 1990-களிலேயே, பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு தனித்துப்போன முதியவர்களை மேடைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த பள்ளிக்கூட நாடகங்களிலும் குறும்படங்களிலும் பாதி அந்தக் கதையின் பிள்ளைகள்தான். அழுவார்கள், கண்ணைத் துடைப்பார்கள், 'இன்னாரின் மகனும் இப்படித்தான்' என்று கதைத்தபடி வீட்டுக்குப் போவார்கள். போதாக்குறைக்கு, பார்க்க வந்திருப்பவர்களில் கணிசமானோரின் அடுப்பு எரிவதே அந்தப் பிள்ளைகள் அனுப்பும் காசில்தான். அவர்களை வைத்துக்கொண்டே பிள்ளைகளைத் திட்டுவது சுலபம், பயனில்லாததும்கூட.

உங்களிடம் உள்ள பதிவுகளில் புதிதாக இருப்பது, கூலிக்குப் பார்க்கிற பெண். சியாங் மாயிலும் அவள்தான், புதுக்குடியிருப்பிலும் அவள்தான். நாடகத்தை அவளுடைய ஒரு நாளின் மேல் கட்டுங்கள் என்பதுதான் என் பதில். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

தாய்லாந்துப் பின்னணி தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மார்ட்டின் வூட்லி என்ற சுவிஸ்காரர், அல்சைமர் என்ற வகை மறதி நோய் வந்த தன் தாயைச் சியாங் மாய்க்குக் கூட்டிப்போய், 2000-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு பராமரிப்பு இடத்தை உருவாக்கினார். ஊருக்குள் சாதாரண வீடுகள், ஒரு நோயாளிக்கு மூன்று பெண்கள் முறை மாறிப் பார்ப்பது என்ற ஏற்பாடு. ஒருவருக்கு மூன்று பேர் என்பதை சுவிஸில் சாதாரணக் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாது. அங்கே ஒருவரை இல்லத்தில் வைத்திருக்கும் செலவில் ஒரு பகுதியிலேயே சியாங் மாயில் இது நடக்கிறது. பிறகு அந்த வட்டாரத்தில் வேறு இல்லங்களும் வந்தன. 1908-இல் தொழுநோயாளர்களுக்காகத் தொடங்கிய மெக்கீன் வைத்தியசாலை வளவிலும் இப்போது முதியோர் பராமரிப்பு நடக்கிறது. ஜெர்மன்காரர் சிலர் பெற்றோரைப் போலந்து, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி இல்லங்களுக்கு அனுப்புகிறார்கள். 'கிழவிகளை ஏற்றுமதி செய்கிறார்கள்' என்று ஜெர்மனியில் பெரிய வாக்குவாதமே நடந்தது.

இதை வன்னி ஆட்களுக்கு ஏன் காட்ட வேண்டும் என்று உங்கள் குழுவுக்குள்ளேயே யாராவது கேட்பார்கள். 'வெள்ளைக்காரன்ர வருத்தம்' என்றும் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-இல் உலகம் முழுவதும் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருப்பவர்கள். எங்கள் ஊர்களிலும் உண்டு, 'அறளை பெயர்ந்திட்டுது' என்று சொல்லிக் கடந்துபோகிறோம், அவ்வளவுதான். அதைவிட நெருக்கமான காரணம் ஒன்றும் உண்டு. வன்னிப் பிள்ளைகள் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) பராமரிப்பாளர் பயிற்சி முடித்து இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் போகப் பார்க்கிறார்கள். அங்கே ஒருவருடைய தாயைக் குளிப்பாட்டுவார்கள். இங்கே அவர்களுடைய தாயை, மாதக் காசுக்கு இன்னொரு வீட்டுப் பெண் குளிப்பாட்டுவாள். அவளுடைய தாயை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் சங்கிலி எங்கேயாவது காசு இல்லாத ஒரு வீட்டில் போய் நிற்கும். அந்த வீடு பெரும்பாலும் உங்கள் பதிவுகளில் இருக்காது. நாடகத்தில் இருக்க வேண்டும்.

இந்த வகை வேலைக்கு நல்ல முன்மாதிரி வான்கூவரில் இருக்கிறது. கனடாவில் வீட்டோடு தங்கி வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்களைப் பற்றிய ஆய்வு நேர்காணல்களை வைத்து, புவியியல் பேராசிரியர் ஜெரால்டின் பிராட், கேலப் ஜான்ஸ்டன் ஆகியோர் அங்குள்ள பிலிப்பைன்ஸ் பெண்கள் அமைப்போடு சேர்ந்து 'நானாய்' என்ற நாடகத்தை 2009-இல் போட்டார்கள். அதே ஆண்டு பெர்லினிலும், 2013-இல் மணிலாவிலும் போட்டார்கள். பார்வையாளர்களை ஓரிடத்தில் இருத்தி வைக்கவில்லை. சிறு குழுக்களாகப் பிரித்து அறை அறையாகக் கூட்டிப்போனார்கள். ஓர் அறையில் வேலைக்காரப் பெண் பேசுவாள், இன்னொன்றில் அவளை வேலைக்கு வைத்திருக்கும் கனடியக் குடும்பம் பேசும். முதலாளிக் குடும்பத்தையும் பேச விட்டதுதான் எனக்குப் பிடித்த விஷயம். அரச முதியோர் பராமரிப்பு கைகொடுக்காமல், வேறு வழி தெரியாமல் ஆள் வைத்தவர்கள் அவர்கள். பார்ப்பவர் எந்த அறையிலும் வசதியாக ஒரு பக்கம் சாய முடியாது. எங்கள் பொதுநோக்கு மண்டபங்களில் அத்தனை அறைகள் கிடையாது. வளவில் நான்கு மூலையும் ஒரு மாமரமும் இருந்தால் போதும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் அனுமதி. ஆய்வுக்குப் பேசச் சம்மதித்தவர் மேடைக்குச் சம்மதித்தவர் இல்லை. அவர் கையெழுத்து வைத்த படிவத்தில் 'நாடகம்' என்ற சொல் இல்லாவிட்டால் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். ஆய்வுக்கு அனுமதி தந்த பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவிடமும் கேட்க வேண்டும். நேர்காணல் எடுத்தவர்களே போய்க் கேட்பது நல்லது. நீங்கள் போனால், எந்தப் பதிவு யாருடையது என்பது உங்களுக்கு அப்போதே தெரிந்துவிடும். சியாங் மாயில் இருப்பவர்களிடம் கேட்க முடியாது என்று ஆய்வாளர்கள் சொன்னால், அந்தப் பதிவுகளை வரிக்கு வரி பயன்படுத்தாதீர்கள். வெளியான கட்டுரைகளில் உள்ளதை வைத்து எழுதுங்கள்.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பது கொழும்பு நினைப்பு. மல்லாவிப் பக்கம் ஒரு ஆச்சி, இரண்டு பிள்ளைகள் கனடா, ஒருவர் சுவிஸ், ஒருவர் காணாமல் ஆக்கப்பட்டவர் என்று மேடையில் சொன்னால், முதல் வரிசை இருந்து கடைசி வரிசை வரை ஆளைச் சொல்லிவிடும். ஓட்டோக்காரர் வீட்டு இலக்கமும் சொல்வார். எனவே இரண்டு மூன்று குடும்பங்களைக் கலந்து ஒரு குடும்பமாக்குங்கள், ஊரையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் நாட்டையும் மாற்றுங்கள். அப்படிச் செய்தால் 'சொல்லுக்குச் சொல் உண்மை' என்று விளம்பரம் போட முடியாது. போடவும் வேண்டாம். தொடக்கத்திலேயே ஒரு நடிகர் வந்து, 'சொற்கள் சொன்னவர்களுடையவை, குடும்பங்கள் நாங்கள் கலந்தவை' என்று சொல்லிவிடட்டும்.

அடுத்தது வெட்டுவது. ஒரு மணி நேரத் தமிழ்ப் பேச்சைத் தட்டச்சு செய்தால் 5,000, 6,000 சொற்கள் வரும். ஒரு மணி நேர நாடகம் தாங்குவதும் அவ்வளவுதான். அதாவது இருபது பதிவுகள் இருந்தால் ஒரு பதிவின் அளவுக்குத்தான் இடம் உண்டு. உருக்கமான வரிகளைப் பொறுக்கி எடுக்கத் தொடங்கினால் கெட்டுவிடும், ஏனென்றால் உருக்கமாகப் பேசத் தெரிந்தவர்களின் குரல்தான் மிஞ்சும். முதலில் யார் எவ்வளவு நேரம் பேசியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிள்ளைகள் நிறையப் பேசியிருப்பார்கள். இல்லத்தின் நிர்வாகி அதைவிட நிறைய. பராமரிக்கும் பெண்ணின் பதிவு சின்னதாக இருக்கும், அதுவும் மொழிபெயர்ப்பாளர் ஊடாகவோ, அடுத்த அறையில் வீட்டுக்காரர் இருக்கும்போதோ எடுத்ததாக இருக்கும். 'நல்ல ஆக்கள், ஒரு குறையும் இல்லை' என்பார். அந்தப் பதிலை அப்படியே வைத்திருங்கள். ஆய்வாளருக்கு அது வெறும் பதில். ஒரு நல்ல நடிகைக்கு, அடுத்த அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தபடி அதைச் சொல்ல ஒரு முழுக் காட்சி.

திக்குதல், நிறுத்தம், 'என்னெண்டு சொல்லுறது' போன்றவற்றை எழுத்தில் திருத்தாதீர்கள். ஒலிப்பதிவைத் தலைக்கேட்பானில் கேட்டபடியே நடிகர் ஒத்திகை பார்க்கும் முறை ஒன்று உண்டு. லண்டனில் அலெக்கி பிளைத் அதில் பேர் பெற்றவர். வன்னிப் பதிவுகளுக்கு அது மிக நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் எங்கள் நடிகர்களுக்கு மேடை ஏறியதும் வானொலித் தமிழ் வந்துவிடும். பதிவைக் கேட்டால் வராது. ஜெர்மன், தாய் மொழிப் பதிவுகளுக்கு இது சரிவராது. அவற்றை வன்னிப் பேச்சுத் தமிழிலேயே சொல்லுங்கள். சுவிஸ் மகனுக்கு வெள்ளைக்காரத் தமிழ் கொடுத்தால் சனம் சிரிக்கும், சிரித்த கையோடு அவன் வேற்றாள் ஆகிவிடுவான். அவன் எங்கள் ஊர்ப் பெடியன் மாதிரிக் கதைத்தால், 'அம்மாவை விட்டிட்டு விமானம் ஏறினன், ஒரு பக்கம் நிம்மதி' என்று அவன் சொல்லும்போது மண்டபத்தில் பலருக்குத் தங்கள் வீட்டு வட்ஸ்அப் அழைப்பு காதில் கேட்கும்.

இனி நோயாளி. ஆகக் கடினமான இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். பதிவுகளில் நோயாளி பேசியிருக்க மாட்டார், அல்லது ஓரிரு வரி பேசியிருப்பார். அந்த இடத்தை நிரப்ப இருபது வயது நடிகையைக் கூனவைத்து, கையை நடுங்கவைத்து, தேத்தண்ணியைக் கொட்டவைக்காதீர்கள். அறளை பெயர்ந்த கிழவி எங்கள் நகைச்சுவைக் காட்சிகளில் நிரந்தரப் பாத்திரம். அவளைக் கண்டதும் பின்வரிசைப் பெடியள் சிரிக்கத் தொடங்குவார்கள், பிறகு நீங்கள் என்ன செய்தாலும் மீட்க முடியாது. என் யோசனை: நோயாளி மேடையில் இல்லாமலே இருக்கட்டும். ஒரு சாய்மனைக் கதிரை, வெறுமையாக. பராமரிக்கும் பெண்ணின் பதில்கள் மட்டும் கேட்கட்டும். 'ஓம் ஆச்சி, வருவார்.' 'இப்பதானே சாப்பிட்டனீங்கள்.' 'அது ஆச்சி, உங்கட வீடுதான்.' என்ன கேட்டார் என்பதைப் பார்ப்பவர் தானாகவே ஊகிப்பார். பதிவுகளுக்கும் இதுதான் நேர்மை, ஏனென்றால் உங்களிடம் இருப்பது பதில்கள் மட்டுமே.

ஒரே கேள்வி நாளுக்கு நாற்பது தரம் வரும் அந்த அலுப்பை எப்படிக் காட்டுவது? இங்கே கூத்து கைகொடுக்கும். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் மத்தளத்துக்கும் தாளத்துக்கும் பக்கத்தில் நிற்கும் பிற்பாட்டுக்காரர்கள், ஆடுபவர் பாடிய வரியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பாடுவார்கள். முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தைப் பார்த்து வளர்ந்த ஆட்களுக்கு அந்தத் திரும்பல் உடம்பிலேயே இருக்கிறது. ஆச்சியின் கேள்வியைப் பிற்பாட்டுக்குக் கொடுங்கள். முதலில் இனிமையாக இருக்கும். பத்தாவது தரம் சிரிப்பு வரும். இருபதாவது தரம் எரிச்சல் வரும், அந்த எரிச்சல் வரும்வரை நிறுத்தாதீர்கள். பராமரிக்கும் பெண் ஏன் ஒருநாள் கத்தினாள் என்பதை அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கூத்து ராகம் அழகாக இருக்கிறது என்று இதை மெருகேற்ற ஒருவர் வருவார். விடாதீர்கள்.

வன்னிக்கே உரிய இன்னொன்று உண்டு. அல்சைமரில் அண்மைய நினைவு முதலில் போகும், பழையது நீண்ட நாள் நிற்கும். எங்கள் முதியவர்களுக்குப் பழையது என்றால் என்ன? 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வு, 2009-இல் கடைசிப் போர் நடந்த மாத்தளன், முள்ளிவாய்க்கால் கடற்கரை. காலைச் சாப்பாடு நினைவில்லாத ஆச்சி பின்னேரம் பங்கருக்குள் இறங்கச் சொல்லி எல்லோரையும் இழுப்பார். செத்த மகனைத் தேடி வாசலுக்கு வருவார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய பெண்ணும் 2009-இல் அதே கடற்கரையில் இருந்தவளாக இருக்கலாம். 'மகன் செத்துப் போனார் ஆச்சி' என்று சொன்னால் அவர் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்டு அழுவார். 'கடைக்குப் போயிருக்கிறார்' என்றால் இவள் பொய் சொல்ல வேண்டும், தன் வீட்டு இழப்பை விழுங்கிக்கொண்டு. சியாங் மாய்ப் பதிவுகளில் இல்லாத காட்சி இது, நாடகத்தின் நடுவில் வர வேண்டியதும் இதுதான். இதை மெதுவாக, ஒலியே இல்லாமல் செய்யுங்கள். செல் (எறிகணை) சத்தம் போடாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். வன்னியின் கூட்டு மனவடு பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதியவற்றை நெறியாளராவது வாசித்திருக்க வேண்டும். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் சொல்லி, யாராவது ஒருவரை ஒவ்வொரு காட்சிக்கும் வரவைத்துக்கொள்ளுங்கள். எழும்பிப் போகிறவரை மறிக்காமல், பின்னால் ஒருவர் தண்ணீரோடு போகட்டும்.

நடிகர்த் தெரிவில் ஒரு விஷயத்தைப் பேசாமல் விடக்கூடாது. வன்னியில் கூலிக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களில் பலர் காணியில்லாத குடும்பங்கள். மலையகத்திலிருந்து 1958, 1977, 1983 வன்செயல்களால் இங்கே வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. பெண் தலைமை தாங்கும் குடும்பங்களும் உண்டு. குழுவில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் மட்டும் இருந்து அந்தப் பாத்திரத்தை நடித்தால், கூலிப்பெண்ணின் கதையை வீட்டுக்காரி சொன்ன மாதிரி ஆகிவிடும். அந்த வேலை செய்பவர்கள் இரண்டு பேரையாவது ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள், நாட்கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். இலவசமாக வந்து தங்கள் உழைப்பைப் பற்றிச் சொல்லித்தரச் சொல்வது நல்லாயில்லை. ஒருவரை எப்படிக் கட்டிலிலிருந்து தூக்குவது, பம்பர்ஸ் மாற்றும்போது எந்தப் பக்கம் திருப்புவது, படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டுவது என்று அவர்கள் காட்டும் அசைவுகளில் பாதி நாடகம் இருக்கிறது. வசனமே வேண்டாத காட்சிகள்.

நேரத்தையும் யோசிக்க வேண்டும். வழக்கம்போலப் பொழுதுபட்ட பிறகு நாடகம் வைத்தால், பார்க்க வேண்டியவர்கள் வரமாட்டார்கள். இந்த நோயாளிகளில் பலருக்குப் பின்னேரம் ஆனதும் பதற்றம் கூடும், வீட்டை விட்டுக் கிளம்பப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் எந்தப் பராமரிப்பாளரும் வெளியே வர முடியாது. காலை பத்து மணிக்கு வையுங்கள், மாதர் சங்கக் கூட்டத்தோடு சேர்த்து. அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் நோயாளியோடு இருக்க ஒருவரை ஏற்பாடு செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. இந்தச் செலவையும் நாடகச் செலவில் போடுங்கள்.

முடிந்த பிறகு கலந்துரையாடல் வைப்பீர்கள். பிரேசிலின் ஆகுஸ்தோ போவால் வழியில், பார்வையாளர் எழுந்து வந்து ஒரு பாத்திரத்தின் இடத்தை எடுத்து வேறு விதமாக நடித்துப் பார்க்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். செய்யலாம், ஆனால் எந்த இடத்தை எடுக்கலாம் என்று முன்பே தீர்மானியுங்கள். கூலிப்பெண்ணின் இடத்தை விட்டால், வருகிறவர் எல்லோரும் அவளை இன்னும் பொறுமையுள்ளவளாக்கப் பார்ப்பார்கள். அவளிடம் பொறுமை போதிய அளவு இருக்கிறது. காசு அனுப்பும் மகள், பக்கத்து வீட்டுக்காரர், 'உங்கட அம்மாவைப் பார்க்க உனக்கு ஏன் ஆள்' என்று கேட்கும் பெரியப்பா, இவர்களின் இடத்தை எடுக்கட்டும். சம்பளம் எவ்வளவு, விடுமுறை நாள் உண்டா, அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்று அங்கேயே பேரம் நடக்கட்டும்.

மருத்துவத் தகவலை நாடகத்துக்குள் திணிக்காதீர்கள். உரையாடலில் ஒன்று சொன்னால் போதும். மறதி எல்லாம் இந்த நோய் இல்லை. தைரொயிட் குறைபாடு, பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே அறளை என்று வீட்டோடு வைத்திருக்காமல் ஒருமுறை கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லுங்கள்.

கடைசியாக, நாடகம் நன்றாக அமைந்தால் வீடியோ எடுத்து யூடியூபில் போடச் சொல்லி வெளிநாட்டிலிருந்து கேட்பார்கள், காசும் தருவார்கள். போடாதீர்கள். மேடைக்குச் சம்மதித்தவர், மகன் சூரிச்சில் இருந்து கைபேசியில் பார்ப்பதற்குச் சம்மதிக்கவில்லை. பிரதியைக் கொடுங்கள், அங்குள்ள குழு அங்கே போடட்டும். ஒரு எச்சரிக்கை: அங்கே பார்க்க வரும் எங்கள் ஆட்களில் பலர் முதியோர் இல்லங்களிலேயே வேலை செய்பவர்கள். பகலில் ஒரு சுவிஸ்கார அம்மாவுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு, இரவில் ஊரிலுள்ள தாய்க்கு ஆள் தேடித் தொலைபேசி எடுப்பவர்கள். உங்கள் பிரதியில் மகளும் கூலிப்பெண்ணும் இரண்டு பாத்திரங்கள். அங்கே அதை ஒரே நடிகை நடிக்க வேண்டிவரும், அதற்குத் தகுந்த மாதிரிக் காட்சிகளை மாற்ற அவர்களுக்கு எழுத்தில் அனுமதி கொடுத்துவிடுங்கள்.